தண்ணியை மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு ஏரி நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க: அடிச்சேற்றையும் கேளுங்க

1/ "தண்ணீர் மாதிரி எடுத்துப் பரிசோதித்தோம். எல்லா அளவுகளும் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளன."

எந்த ஏரியில மீன் செத்து மிதந்தாலும், நுரை பொங்கினாலும், ரெண்டு நாள் கழிச்சு வர்ற அறிக்கையில இந்த வரி இருக்கும். இந்த வரியை இனிமே அப்படியே வாங்கிக்காதீங்கன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமானது. பொறுமையா படிங்க.

2/ வீட்டுல சர்க்கரை நோயாளி இருந்தா இது உடனே புரியும். செக்கப்புக்கு மூணு நாள் முன்னாடி இனிப்பை நிறுத்திட்டு, ராத்திரி ரெண்டு இட்லியோட படுத்துட்டு, காலையில வெறும் வயித்துல ரத்தம் குடுத்தா ரிசல்ட் அழகா இருக்கும். நாங்க அதோட விட மாட்டோம். எச்.பி.ஏ.1.சி. எழுதிக் கொடுப்போம். கடந்த மூணு மாச சராசரியை அது சொல்லிடும். மூணு நாள் பத்தியம் அங்க செல்லாது.

3/ ஏரியில ஒரு பாட்டில் தண்ணி மொண்டு டெஸ்ட் பண்றது அந்த வெறும்வயித்து டெஸ்ட் மாதிரி. மழை பெஞ்ச மறுநாள் எடுத்தா கழிவு நீர்த்துப் போயிருக்கும். கழிவைத் திறந்துவிடுற நேரமும் சாம்பிள் எடுக்குற நேரமும் ஒண்ணா அமையாது.

அதைவிட முக்கியமான விஷயம்: ஈயம், பாதரசம் மாதிரி உலோகங்கள், டி.டி.டி. மாதிரி பழைய பூச்சிக்கொல்லிகள் எல்லாம் தண்ணியில ரொம்ப நேரம் நிக்காது. களிமண் துகள்லயும் மக்குன இலைதழையிலயும் ஒட்டிக்கிட்டு அடியில போய் உட்கார்ந்துடும். பாட்டில்ல இல்லைன்னா ஏரியில இல்லைன்னு அர்த்தம் கிடையாது.

4/ ஏரிக்கும் ஒரு எச்.பி.ஏ.1.சி. இருக்கு. அதுதான் அடிச்சேறு. மூணு மாசக் கணக்கு இல்லை, நூறு இருநூறு வருஷக் கணக்கு.

படகுல போய், ஒரு நீளக் குழாயை சேத்துல செங்குத்தா இறக்கி, அடுக்கு கலையாம மேல எடுப்பாங்க. அதை அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் துண்டா நறுக்குவாங்க. மேல இருக்கிறது இந்த வருஷம். கீழ போகப் போக அப்பா காலம், தாத்தா காலம், அதுக்கும் முன்னாடி.

5/ எந்த அடுக்கு எந்த வருஷம்னு எப்படித் தெரியும்? ரெண்டு கடிகாரம் இருக்கு.

ஒண்ணு ஈயம்-210. காத்துல இயற்கையாவே உண்டாகி மழையோட இறங்குற கதிரியக்க ஈயம் இது. சுமார் 22 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அளந்தா நூறு, நூத்தைம்பது வருஷம் பின்னாடி வரைக்கும் வயசு சொல்லலாம்.

இன்னொண்ணு சீசியம்-137. இது மனுஷன் போட்ட அணுகுண்டுச் சோதனைகளோட மிச்சம். 1963-ஐ ஒட்டி உச்சம் தொட்டது. அந்த அடுக்கு, டைரியில தேதி போட்ட பக்கம் மாதிரி.

6/ அடுத்து, அந்த அடுக்குல என்ன இருக்குன்னு பாக்கணும். மைக்ராஸ்கோப்ல மட்டும் தெரியுற டயட்டம்ங்கிற பாசிக்கு கண்ணாடி மாதிரி சிலிக்கா ஓடு. அது அழியாது. சில வகை அமிலத் தண்ணியில மட்டும் வளரும், சில வகை சாக்கடை கலந்த தண்ணியில செழிக்கும். எந்த ஓடு எவ்வளவு இருக்குன்னு எண்ணினா அந்தக் காலத்துத் தண்ணி எப்படி இருந்ததுன்னு கணக்குப் போடலாம்.

நிலக்கரியையும் எண்ணெயையும் அதிக வெப்பத்துல எரிக்கும்போது வர்ற குட்டிக் கரி உருண்டைகளும் அங்க கிடக்கும். எந்தக் காட்டுத்தீயும் அந்த உருண்டையை உண்டாக்காது. அது ஆலைப் புகையோட கைரேகை.

7/ "சரி டாக்டர், இதெல்லாம் ஆராய்ச்சிக்காரங்க சமாச்சாரம், எங்களுக்கு எதுக்கு?"

எதுக்குன்னா, நீரைக் கெடுத்தவங்க உலகம் முழுக்க மூணே மூணு பதிலைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றாங்க. ஒண்ணு: "இதுக்கு வேற காரணம்." ரெண்டு: "இது இயற்கையாவே இருக்கு." மூணு: "நாங்க மட்டுமா?" மூணையும் அடிச்சேறு உடைச்சிருக்கு. ஒவ்வொண்ணா பாக்கலாம்.

8/ முதல் பதில்: "இதுக்கு வேற காரணம்."

1970, 80-கள்ல ஸ்காட்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஏரிகள்ல மீன் அழிஞ்சுக்கிட்டே வந்தது. தண்ணி அமிலமாயிடுச்சு. பிரிட்டனோட நிலக்கரி மின் நிலையங்கள் கக்குற கந்தகப் புகைதான் மழையில இறங்குதுன்னு நார்வேயும் ஸ்வீடனும் சொன்னாங்க. எதிர்த் தரப்பு ஒத்துக்கல. காட்டுல ஊசியிலை மரம் நட்டதால இருக்கலாம், மேய்ச்சலும் நிலப் பயன்பாடும் மாறினதால இருக்கலாம்னு வாதம் வருஷக்கணக்கா ஓடுச்சு.

9/ லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ரிக் பேட்டர்பீயும் ரோஜர் ஃப்ளவரும் தென்மேற்கு ஸ்காட்லாந்தின் மலை ஏரிகள்ல சேற்றுக் குழாயை இறக்கினாங்க. அதுல ஒண்ணு ரவுண்ட் லாக் ஆஃப் கிளென்ஹெட்.

டயட்டம் ஓடுகள் சொன்ன கணக்கு: 1850 வாக்கு வரைக்கும் பெரிய மாற்றம் இல்லை. அப்புறம் பி.எச். அளவு 5.5 பக்கத்துல இருந்து 5-க்குக் கீழ இறங்குது. பி.எச். 1 குறைஞ்சா அமிலம் 10 மடங்கு கூடுதுன்னு அர்த்தம். அதனால இது சின்ன இறக்கம் இல்லை.

10/ மரம் நட்டதுதான் காரணமா? அந்தப் பகுதியில பெருமளவு மரம் நட்டது 20-ஆம் நூற்றாண்டுல. அமிலமானது அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. மரமே நடாத ஏரிகளும் அமிலமாயிருக்கு. அமிலம் ஏறுன அடுக்குகள்லயே கரி உருண்டையும் ஆலைப்புகை உலோகங்களும் ஏறுது.

வாதம் அங்க முடிஞ்சது. 1986-ல மின் நிலையங்கள்ல கந்தகத்தைப் பிடிக்கிற கருவி பொருத்த பிரிட்டன் அரசு ஒத்துக்கிட்டது. அதுக்கப்புறம் அங்க கந்தகப் புகை 90 சதவீதத்துக்கும் மேல குறைஞ்சிருக்கு. ஏரிகள் மெதுவா தேறி வருது.

11/ ரெண்டாவது பதில்: "இது இயற்கையாவே இருக்கு." இதுதான் ரொம்ப ஆபத்தான பதில், ஏன்னா கேக்க நியாயமா இருக்கும்.

கனடாவில, ஆல்பர்ட்டா மாகாணத்துல அதபாஸ்கா ஆத்துப் பகுதி. மண்ணுலயே தார் கலந்திருக்கு. அதைத் தோண்டி எண்ணெய் எடுக்கிறாங்க. பெரிய ஆலை 1967-ல ஆரம்பம். ஆத்துல பி.ஏ.எச். எனப்படும் கரிமச் சேர்மங்கள் இருக்குன்னு சொன்னா, "ஆத்தங்கரையிலேயே தார் கசியுது, இயற்கையா வர்றதுதான்"னு பதில் வந்தது. இந்தக் குடும்பத்துல இருக்குற பென்சோபைரீன் மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானது.

12/ அங்க நீர்நிலைகளைத் தொடர்ந்து கண்காணிக்கிற திட்டம் ஆரம்பிச்சது 1997-ல. ஆலை வந்து 30 வருஷம் கழிச்சு. நோய் முத்தினதுக்கு அப்புறம் முதல் ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு, "உங்களுக்கு இதுதான் நார்மல்"னு சொல்ற மாதிரி.

2013-ல ஜான் ஸ்மோல் குழுவும் கனடா சுற்றுச்சூழல் துறை விஞ்ஞானிகளும் ஆறு ஏரிகளோட சேற்றுக் கணக்கை வெளியிட்டாங்க. 1960 வாக்குல இருந்த அளவோட ஒப்பிட்டா பி.ஏ.எச். 2.5 மடங்குல இருந்து 23 மடங்கு வரைக்கும் கூடியிருக்கு. 90 கிலோமீட்டர் தள்ளி இருக்குற நாமூர் ஏரியிலும் தடயம் இருந்தது. ஆலை வர்றதுக்கு முன்னாடியும் அதே தார் மண்ணு அங்கதான் இருந்தது. ஏறினது ஆலை வந்ததுக்கு அப்புறம்.

13/ மூணாவது பதில்: "நாங்க மட்டுமா? ஆயிரம் இடத்துல இருந்து வருது."

ஈயம் விஷயத்துல இந்தப் பதில் செல்லாது. ஒவ்வொரு சுரங்கத்து ஈயத்துக்கும் ஐசோடோப் விகிதம் வேற வேற. ரத்த குரூப் மாதிரி. பிரிட்டன்ல பெட்ரோல்ல கலந்த ஈயத்துல பெரும்பங்கு ஆஸ்திரேலியாவின் பிரோக்கன் ஹில் சுரங்கத்துல இருந்து வந்தது. அதோட விகிதம் உள்நாட்டு ஈயத்துல இருந்து தெளிவா வேறுபடும். ஸ்காட்லாந்தின் லாக் லோமண்ட் ஏரிச் சேற்றுல, பெட்ரோல் ஈயம் புழக்கத்துக்கு வந்த காலத்து அடுக்குகள்ல அந்த ஆஸ்திரேலிய விகிதத்தோட சாயல் தெரியுது. கார் புகையில போனது எங்க போய் உட்கார்ந்ததுன்னு முகவரியோட தெரிஞ்சது.

14/ ஸ்வீடன் ஏரிகள் இன்னும் பழைய கதையைச் சொல்லுது. 2000 வருஷத்துக்கு முன்னாடி ரோமானியர்கள் உருக்கின ஈயத்தோட தடயமே அங்க சேற்றுல இருக்கு. 1970-கள்ல ஈயம் உச்சம். ஈயமில்லாத பெட்ரோல் வந்ததும் சரசரன்னு இறங்குது.

இதைக் கவனிங்க. சேறு குற்றத்தை மட்டும் எழுதி வைக்கல. சட்டம் போட்டா வேலை செய்யுதுன்னும் எழுதி வைச்சிருக்கு. "கட்டுப்பாடு போட்டு என்ன ஆகப்போகுது"ன்னு சலிச்சுக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இந்தியாவிலயும் ஈயம் கலந்த பெட்ரோலை 2000-ல நிறுத்தினோம். குழந்தைகளோட ரத்தத்துல ஈயத்துக்கு பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லவே இல்லைங்கிறது இப்ப உலக சுகாதார நிறுவனத்தோட நிலை.

15/ இப்ப நம்ம பக்கம் வருவோம். கொடைக்கானல்.

அமெரிக்காவில வாட்டர்டவுன்ல ஓடின பாதரச தெர்மாமீட்டர் ஆலை 1980-கள்ல கொடைக்கானலுக்கு வந்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போச்சு. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில கிடந்தது அம்பலமானதும் 2001-ல மூடினாங்க. 2003-ல சுமார் 290 டன் கழிவை அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினாங்க. தொழிலாளர் உடல்நலத்துக்குப் பாதிப்பில்லைங்கிறதுதான் நிறுவனத்தோட நிலையா இருந்தது. 2016-ல 591 முன்னாள் தொழிலாளர்களோட உடன்பாடு ஆச்சு.

16/ தொழிலாளர்கள் பக்கம் போராட்டம் நடந்ததால அவங்களைப் பத்தி நமக்குத் தெரியும். ஏரி?

அணுசக்தித் துறையோட ஹைதராபாத் ஆய்வகம் தண்ணீர், சேறு, மீன் எல்லாத்தையும் சோதிச்சு 2006-ல கட்டுரை வெளியிட்டது. கொடை ஏரியில பாதரச மாசு இருக்கு, காத்து வழியா ஆலையில இருந்து வந்ததுன்னு அதுல சொல்லியிருக்காங்க.

பாதரசம் சேற்றுல சும்மா கிடக்காது. ஆக்சிஜன் இல்லாத சேற்றுல வாழுற பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமா மாத்தும். அது புழு, சின்ன மீன், பெரிய மீன்னு ஒவ்வொரு படியிலும் கூடிக்கிட்டே போகும். கர்ப்பிணி சாப்பிட்டா நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தையோட மூளைக்குப் போகும். ஆலை மூடின அன்னிக்கு இது நிக்காது.

17/ ஒரு கணக்குப் பாருங்க. கொடைக்கானல் ஏரி இயற்கை ஏரி இல்லை. மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல உண்டாக்கினது. ஆலை வர்றதுக்கு முன்னாடி 120 வருஷச் சேறு அங்க படிஞ்சிருக்கு. கலைக்கப்படாத இடத்துல குழாயை இறக்கினா, கீழ் அடுக்கு இயற்கை அளவு, நடு அடுக்கு ஆலை ஓடின காலம், மேல் அடுக்கு மூடினதுக்கு அப்புறம். குறையுதா, இல்லை மலைச்சரிவுல இருந்து இன்னும் வந்துக்கிட்டே இருக்கா? இதுக்கான பதில் படகுச் சவாரி போற தண்ணிக்கு அடியில இருக்கு.

18/ அடுத்து நான் நேரடியாச் சண்டை போட வந்த விஷயம்: தூர்வாருதல்.

ஒவ்வொரு கோடையிலும் பொக்லைன் இறங்குது. வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமா எடுத்துக்க அரசு அனுமதி குடுக்குது. நல்ல திட்டம், பழைய வழக்கமும்கூட. ஊர் வயலுக்கு அது உரம். ஆனா எந்த ஏரிச் சேறு எந்த வயலுக்குப் போகுதுன்னு பாக்கணும். மானாவாரி நிலத்து மழைநீர் மட்டும் வர்ற கிராமத்து ஏரியும், தோல் ஷாப்புக் கழிவு, சாயக் கழிவு, பேட்டரி உடைக்கிற இடத்து ஓடை சேர்ற ஏரியும் ஒண்ணா?

19/ ஜப்பான்ல ஜின்சு ஆத்துக் கரையில நடந்தது தெரிஞ்சா சிரிக்க மாட்டீங்க. கமியோகா சுரங்கத்துக் கழிவுல இருந்த காட்மியம் ஆத்தோட வந்து வயல்ல படிஞ்சது. நெல்லு அதை உறிஞ்சுச்சு. அரிசி சாப்பிட்டவங்களுக்கு சிறுநீரகம் கெட்டு, எலும்பு மிருதுவாகி, இருமினாலே முறியுற நிலை. பெரும்பாலும் பிள்ளை பெத்த, வயசான பெண்கள். வலி தாங்காம அவங்க கத்தினதுதான் அந்த நோய்க்கே பேராச்சு: இடாய் இடாய், "வலிக்குது வலிக்குது". 1968-ல ஜப்பான் அரசு அதை மாசு நோய்னு ஒத்துக்கிட்டது.

பரிசோதிக்காத தொழிற்பேட்டை ஏரிச் சேற்றை கீரைப் பாத்தியில கொட்டுறவங்களுக்கு இதைச் சொல்லுங்க.

20/ ரெண்டாவது நஷ்டம் சாட்சி. பொக்லைன் ஒரு நாள்ல அள்ளுறது அறுபது எழுபது வருஷப் பதிவேடு. எந்த வருஷம் சாக்கடை வந்து சேர்ந்தது, எந்த ஆலை வந்ததுக்கு அப்புறம் உலோகம் ஏறுச்சு எல்லாமே அதுல இருக்கு. அதை அள்ளி லாரியில ஏத்திட்டா, நாளைக்கு கோர்ட்ல "எங்களுக்கு முன்னாடியே இப்படித்தான் இருந்தது"ன்னு யார் வேணும்னாலும் சொல்லலாம். மறுக்க ஒண்ணும் இருக்காது. கேஸ் ஷீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு "நோயாளி நல்லாத்தான் இருந்தார்"னு சொல்ற ஆஸ்பத்திரியை நீங்க விடுவீங்களா?

21/ இனி வழக்கமா வர்ற கேள்விகள்.

"தூர்வாரவே கூடாதுன்னு சொல்றீங்களா?" இல்லை. தண்ணி வேணும், கொள்ளளவு வேணும், வாருங்க. வாருறதுக்கு முன்னாடி நாலஞ்சு இடத்துல குழாய் இறக்கி சேற்றை எடுத்து வைங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்கேன் எடுக்கிறதை யாரும் ஆபரேஷனுக்கு எதிர்ப்புன்னு சொல்றதில்லை.

22/ "எல்லா ஏரியும் இப்படிப் பேசுமா?" பேசாது. வருஷா வருஷம் வத்தி, வெடிச்சு, மாடு மிதிச்சு, ஏற்கனவே பலமுறை வாரின ஏரியில அடுக்கு கலைஞ்சு போயிருக்கும். அங்க வருஷக் கணக்கு கிடைக்காது. ஆனா விஷம் இருக்கா இல்லையான்னு தெரியும், வயலுக்கு அனுப்பலாமான்னு முடிவு பண்ண அது போதும். வத்தாத மலை ஏரி, ஆழமான நீர்த்தேக்கம், அணைகள்ல வருஷக் கணக்கும் கிடைக்கும்.

23/ "இதுக்கெல்லாம் நம்மகிட்ட வசதி இருக்கா?" இருக்கு. லக்னோவுல பீர்பல் சாஹ்னி நிறுவனம் ஏரிச் சேற்றை வைச்சு பல ஆயிரம் வருஷப் பருவநிலையைப் படிக்குது. கல்பாக்கத்துல கதிரியக்கம் அளக்குற ஆய்வகங்கள் இருக்கு. இத்தனை வருஷத்துக்கு முன்னாடி மழை எப்படிப் பெஞ்சதுன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்ச நாட்டுக்கு, முப்பது வருஷத்துக்கு முன்னாடி யார் கழிவு விட்டாங்கன்னு கண்டுபிடிக்கத் தெரியாதா? விருப்பம் இருக்கான்னுதான் கேள்வி.

24/ "தண்ணியில இல்லாதது சேற்றுல இருந்தா நமக்கு என்ன, அதையா குடிக்கிறோம்?" வெள்ளம் வந்தா சேறு கலங்கும். கோடையில அடித்தண்ணியில ஆக்சிஜன் தீர்ந்துபோனா, சேற்றுல பிடிபட்டிருந்த பாஸ்பரஸ் திரும்பத் தண்ணிக்கு வரும். சாக்கடையை நிறுத்தின பிறகும் வருஷக்கணக்கா ஏரி பச்சையாவே இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பச்சையில சில வகை கல்லீரலைத் தாக்குற நச்சை உண்டாக்கும். சேறு அலமாரியில பூட்டி வைச்ச பொருள் இல்லை.

25/ அதனால என் கோரிக்கை நாலு.

ஒண்ணு: தொழிற்பேட்டை, நகரச் சாக்கடை சேர்ற எந்த ஏரியையும் தூர்வாருறதுக்கு முன்னாடி சேற்று மாதிரி கட்டாயம்.

ரெண்டு: அந்தச் சேறு வயலுக்குப் போகுதுன்னா ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம், ஆர்சனிக் அளவு பார்த்து, ஊர்ப் பலகையில தமிழ்ல எழுதி வைக்கணும்.

மூணு: புதுசா ஆலைக்கு அனுமதி குடுக்கும்போது பக்கத்து நீர்நிலையோட அடிச்சேற்றை எடுத்து அரசு ஆய்வகத்துல பத்திரப்படுத்தணும். பின்னாடி தகராறு வந்தா அதுதான் ஆதாரம்.

நாலு: கொடைக்கானல் ஏரியில குறிப்பிட்ட வருஷ இடைவெளியில சேறும் மீனும் சோதிச்சு முடிவை வெளியிடணும்.

26/ நீங்க என்ன பண்ணலாம்? மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்னைக்கு தமிழ்நாட்டுல கிராமசபை நடக்குது. அங்க போய் ரெண்டே கேள்வி கேளுங்க: "நம்ம ஏரியோட சேற்றை இதுவரைக்கும் யாராவது டெஸ்ட் பண்ணியிருக்காங்களா? அள்ளின மண்ணு எங்க போச்சு?" நகரத்துல இருக்கிறவங்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல இதே ரெண்டு கேள்வியை எழுதிப் போடுங்க. பதில் வந்தாலும் சரி, "தகவல் இல்லை"ன்னு வந்தாலும் சரி, அந்தக் காகிதத்தைப் பத்திரமா வைங்க.

27/ கடைசியா ஒண்ணு. அடுத்த தடவை "எல்லாம் வரம்புக்குள் இருக்கு"ன்னு அறிக்கை வந்தா கோபப்பட வேண்டாம். "சந்தோஷம். சேற்றோட ரிப்போர்ட் எங்கே?"ன்னு மட்டும் கேளுங்க. ஒருத்தர் கேட்டா சிரிப்பாங்க. ஊரே கேட்டா குழாயோட படகுல ஏறுவாங்க.

உங்க ஊர் ஏரிக்கு பொக்லைன் வர்றதுக்கு முன்னாடி, இதை ஊர்க்காரங்க நாலு பேருக்கு அனுப்பி வைங்க.